எலிக்கிட்டி வைக்கும் அண்ணன்: ஒன்பது மா சம்பாவுக்கு ஐந்து ராத்திரி

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். போன சம்பாவுக்கு எலிக்கிட்டி, அதாவது மூங்கில் எலிப்பொறி, வைக்க ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் செய்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், இப்போதுதான் முடிந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாக இருந்தது, கொடுத்த காசுக்குப் பழுதில்லை, அடுத்த சம்பாவுக்கும் அவரைத்தான் கூப்பிடப் போகிறேன். ஆனால் ஒரு ராத்திரிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் சொல்கிறபடி ஐந்து ராத்திரி தொடர்ந்து வைக்க விடுங்கள். ஏன் ஐந்து என்பதற்குப் பின்னால் பெண் எலியின் உடம்புக்குள் நடக்கிற ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. நான் விலங்கியல் படித்தவள் என்பதால் அது எனக்குக் கொஞ்சம் தெரியும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சி.ஆர். 1009 நெல் ரகம் போட்டிருந்தோம். கார்த்திகைக் கடைசியில் பயிர் பொதியில், அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே, நிற்கும்போது ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வயலுக்கு நடுவில் நாலைந்து இடத்தில் பாய் விரித்த அளவுக்குப் பயிர் சாய்ந்து கிடக்கிறது. தூரிலிருந்து நாலு விரல் உயரத்தில் அரிவாள் போட்ட மாதிரி சாய்வாக வெட்டு. வரப்போரத்தை விட்டுவிட்டு நடு வயலில் வெட்டுவதால் மேலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரம் தெரியாது. பொதியில் வெட்டுப்பட்ட தூர் மறுபடி கிளைத்து வந்து கதிர் விட்டுக் கரை சேராது, அந்த இடம் போனது போனதுதான்.

முதலில் நாங்கள் செய்தது தப்பான காரியம். டவுனிலிருந்து பூச்சி, எலி ஒழிப்பு என்று போர்டு வைத்திருக்கிற ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். ஒரு சாயங்காலம் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். வரப்பெல்லாம் நீல நிற மருந்துக் கேக்கைப் போட்டுவிட்டு, பத்து நாளில் ஒரு எலி இருக்காது என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் கேக் அப்படியே மழையில் ஊறிக் கிடக்கிறது, வெட்டு மட்டும் நிற்கவில்லை. எலி புதுச் சாமானை லேசில் நம்பாது, சுற்றிச் சுற்றி வந்து முகரும், நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். அதை அவர்கள் எங்களிடம் சொல்லவும் இல்லை, மறுபடி வந்து பார்க்கவும் இல்லை. இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் வயலில் தென்னை மட்டையைக் கவிழ்த்து நட்டு ஆந்தை உட்கார இடம் வைத்திருக்கிறோம். மருந்து தின்ற எலியைக் கூகை பிடித்துத் தின்றால் அதற்கும் ஆபத்து. அந்தப் பத்து நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்லி இந்த அண்ணன் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளின் பின்னால் சாக்கில் கிட்டிகள், ஹேண்டிலில் ஒரு தூக்குவாளி, அதில் ஊறவைத்த நெல். கிட்டி எல்லாமே அவர் கையால் செய்தது. மூங்கிலைப் பிளந்து, பிளாச்சை வில்லாக வளைத்து, நாண் கட்டி, நாக்கு மாதிரி ஒரு சின்னக் குச்சியில் கொக்கி போட்டு நிறுத்தியிருக்கிறார். நெல்லைத் துணியில் முடிந்து உள்ளே கட்டுகிறார். எலி தலையை நீட்டி முடிச்சைத் தொட்டால் குச்சி விலகும், வில் நிமிரும், கழுத்தில் அடி விழும். தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். மருந்து கிடையாது, கரண்டு கிடையாது. இரண்டையும் பார்த்துப் பயந்த எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வந்தவுடனே கிட்டியை இறக்கவில்லை. முதலில் ஒரு மணி நேரம் வரப்பில் நடந்தார். குனிந்து குனிந்து பார்த்தார். எலி போய்வந்து வழவழவென்று ஆன தடம் எது, புது மண் தள்ளிய வளை எது, பழைய வளை எது என்று ஒவ்வொன்றாகக் குச்சி நட்டுக்கொண்டே வந்தார். பிறகுதான் பேச்சு. "அம்மா, ஒரு ராத்திரி வச்சா ஆம்பளை எலிதான் விழும். அஞ்சு ராத்திரி வச்சாத்தான் பொம்பளை எலி விழும். அஞ்சு ராத்திரின்னா நான் வர்றேன், இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். காசுக்காகச் சொல்கிறார் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. பெண் எலியின் கணக்கு நாலு அல்லது ஐந்து நாள் என்பதை நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை எலியின் பிறப்புறுப்பிலிருந்து ஒரு சொட்டு உப்புநீரில் திரவம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்போம். ஒரு நாள் கரு தெரிகிற உருண்டை செல்களாக இருக்கும். மறுநாள் கரு இல்லாத, காய்ந்த சருகு மாதிரியான செல்களாகக் கொட்டிக் கிடக்கும். அதற்கடுத்த நாட்களில் சின்னச் சின்ன வெள்ளணுக்கள். பிறகு திரும்பவும் உருண்டை. நாலு நாளில், சிலதுக்கு ஐந்து நாளில், ஒரு சுற்று முடிந்துவிடும். மாடு 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எலிக்கு அதே 21, 22 நாளில் சினை பிடித்துக் குட்டியே போட்டு முடிந்துவிடும், அவ்வளவு வேகம்.

மாடு பருவத்துக்கு வந்தால் என்ன செய்யும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீவனம் எடுக்காது, கட்டுத்தறியில் நிற்காது, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். எலியும் அதே கதைதான், ஆனால் எலி கத்துவதில்லை, ஓடுகிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922. அதற்கு மறு வருடம், 1923இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த வாங் என்கிற சீன ஆராய்ச்சியாளர் பெண் வெள்ளை எலிகளைச் சுழல்சக்கரம் பொருத்திய கூண்டில் விட்டு, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று நாள்தோறும் எண்ணி எழுதினார். ஆண் எலியின் கணக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி போகிறது. பெண் எலிக்கு மூன்று நாள் சாதாரணமாகப் போய், நாலாவது ராத்திரி திடீரென்று ஏறி, மறுநாள் இறங்கிவிடுகிறது. ஏறுகிற ராத்திரி எது என்று பார்த்தால் அது பருவத்து ராத்திரி. சினைப்பையை எடுத்துவிட்டால் அந்த ஏற்ற இறக்கமே போய் எலி சோம்பிக் கிடக்கும். பின்னால் வந்தவர்கள் அந்த எலிக்கு, சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓட்டம் திரும்பி வந்தது.

ஆக, ஓட வைப்பது ஈஸ்ட்ரோஜன், அதிலும் முக்கியமாக ஈஸ்ட்ரடயால் என்கிற வகை. அது காலில் போய் வேலை செய்வதில்லை, மூளையில் செய்கிறது. மூளையின் அடியில் இருக்கிற ஹைபோதலாமஸை ஒட்டி முன்பக்கம் பிரீஆப்டிக் பகுதி என்று ஒரு சின்ன இடம். அங்கே மட்டும் துளி ஈஸ்ட்ரடயாலை வைத்தாலே எலி சக்கரத்தில் கூடுதலாக ஓடியதை 1985இல் காட்டினார்கள். இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ஆல்ஃபா வகை ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் ஓட்டம் கூடவில்லை. சாவி இருந்தும் பூட்டு இல்லாத வீடு மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. ஈஸ்ட்ரோஜன் தனியாக வேலை செய்வதில்லை. கூடவே புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் இருக்கிறது, அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஹார்மோன் இரண்டு வேலை செய்கிறது. முதலில் ஒன்றிரண்டு நாள் ஈஸ்ட்ரோஜன் ஏறி மூளையைப் பதப்படுத்தி வைக்கிறது. புரோஜெஸ்டிரோனைப் பிடிக்கிற ஏற்பிகளையே அதுதான் உண்டாக்கிக் கொடுக்கிறது. பருவத்து நாள் பிற்பகலில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று ஏறுகிறது, சில மணி நேரத்தில் எலி ஆணைச் சேர்த்துக்கொள்ளத் தயாராகிறது, முதுகை வளைத்து நிற்கிறது. இதே புரோஜெஸ்டிரோன் சினைக்காலத்தில் நாள்கணக்காக உயர்ந்தே நின்றால், அது ஈஸ்ட்ரோஜனின் ஓட்டத்தை அமுக்கி எலியை வளைக்குள் உட்கார வைத்துவிடுகிறது. வயலுக்குத் தண்ணீர் விடுவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காய விட்டுப் பாய்ச்சினால் பயிர் எழும்பும், வடியாமல் நின்றால் அதே தண்ணீர் வேரை அழுக்கும்.

ஓட்டம் கூடுவது மட்டுமல்ல, நடையே மாறுகிறது. 1987இல் வந்த ஒரு ஆய்வில் பெண் எலிகளை ஒடுங்கின கட்டை மேல் நடக்க விட்டார்கள். பருவத்தில் இருக்கும்போது கால் தவறுவது குறைந்தது, மற்ற நாட்களில் அதே எலிக்கு அதே கட்டையில் கால் கூடுதலாக வழுக்கியது. அசைவைக் கட்டுப்படுத்துகிற மூளைப் பகுதியில் ஈஸ்ட்ரடயால் டோபமைன் என்கிற மூளை ரசாயனத்தைக் கூட்டுகிறது என்பதுதான் காரணமாகச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வரப்புதான் ஞாபகம் வந்தது. மழை பெய்து வழுக்குகிற வரப்பில், ராத்திரியில், ஆந்தைக்குத் தெரியாமல் ஓடுகிற எலிக்குக் கால் பிசகாமல் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆய்வகத்தில் பார்த்தது எல்லாம் வெள்ளை எலி. வயலில் இருப்பது கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி. எல்லாம் ஒரே வம்சத்துச் சொந்தம் என்பதால் அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். ஒரு வயலில் இருக்கிற பெண் எலிகள் எல்லாம் ஒரே நாளில் பருவத்துக்கு வருவதில்லை. சினை இல்லாத எலிகளில் இன்றைக்கு நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ தூரம் ஓடும், நாளைக்கு வேறு சில ஓடும். ஒரே ஒரு ராத்திரி கிட்டி வைத்தால் அன்றைக்கு முறை வந்தவைதான் கிட்டிப் பக்கம் வரும், மற்றவை வளைப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்து ராத்திரி வைத்தால் ஒவ்வொன்றின் முறையும் ஒரு தடவையாவது வந்துவிடும். அண்ணன் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முப்பது வருடமாகக் கிட்டியில் விழுந்ததைத் திருப்பிப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று. அந்த ஓடுகிற ராத்திரியில் பெண் எலி குறைவாகத்தான் தின்னும். ஈஸ்ட்ரடயால் பசியையும் அமுக்குகிறது, ஒவ்வொரு வேளையும் எடுக்கிற அளவு குறைந்துபோகிறது. அலைச்சல் அதிகம், தீனி குறைவு. மருந்துக் கேக் எங்களிடம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கேக் என்றால் எலி உட்கார்ந்து தின்றாக வேண்டும். கிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அண்ணன் அதைத் தடத்துக்குக் குறுக்கே, எலி முட்டிக்கொண்டு போகிற மாதிரி வைக்கிறார், முகர்ந்து மூக்கால் தள்ளினாலே போதும்.

என் வயலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். பதினெட்டு எலி, திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி ஆண். இரண்டாவது நாள் கிட்டியைக் கொஞ்சம் இடம் மாற்றினார். மூன்றாவது, நாலாவது நாட்களில் மொத்தம் குறைந்தது, ஆனால் அதில் பெண் கூடுதலாக இருந்தது. ஐந்தாவது நாள் காலையில் விழுந்தது ஆறுதான், அதில் நாலு பெண். அதற்கப்புறம் புது வெட்டு ஒரே ஒரு இடத்தில், வாய்க்கால் ஓரத்தில் மட்டும் தொடர்ந்தது.

அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார், "அது பாலு குடுக்குற எலிம்மா. கிட்டிக்கு வராது. வெட்டித்தான் எடுக்கணும்." வளை வாயில் தளர்ந்த மண்ணை அடைத்து வைத்திருந்தது. மண்வெட்டியால் மெதுவாக வரப்பைக் கீறிக்கொண்டே போனார். ஒரு பக்க அறையில் கதிர்கள், காம்போடு வெட்டி ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியது மாதிரி, இரண்டு கை கொள்கிற அளவு. அதற்கும் உள்ளே வைக்கோலை நார் நாராகக் கிழித்துச் சுற்றிய கூடு. ஏழு குட்டி, கண் திறக்காதது, தோல் வழியே வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. தாய் எலி ஓடவில்லை. பின்பக்கம் தப்பிக்க வழி இருந்தது, மண்ணை இடித்து ஓடியிருக்கலாம். அது மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டுக்கு முன்னால் வந்து நின்று மண்வெட்டி இலையைக் கடித்தது. இரும்பில் பல் படுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பத்து நாளுக்கு முன்னால் அதே எலி ஆளைக் கண்டால் ஓடியிருக்கும். சினையின் கடைசி நாட்களில் அதுவரை உயர்ந்து நின்ற புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது, ஈஸ்ட்ரடயால் ஏறுகிறது, பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் சேர்ந்துகொள்கிறது, பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின் வருகிறது. இந்த வரிசைதான் எலியைத் தாயாக்குகிறது. குட்டி போடாத எலிக்குக் குட்டிகளைக் காட்டினால் முதலில் விலகிப் போகும். 1968இல், அப்போதுதான் குட்டி போட்ட தாயின் ரத்தத்தில் பிளாஸ்மாவை எடுத்துக் கன்னி எலிகளுக்கு ஏற்றினார்கள். சீக்கிரமே அவை குட்டிகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்தன. ஓட வைத்த ஈஸ்ட்ரடயாலே இங்கே உட்கார வைக்கவும் செய்கிறது, அதே பிரீஆப்டிக் பகுதிதான் இரண்டுக்கும் முக்கியமான இடம். கூடச் சேர்கிற ஹார்மோன் மாறினால் வேலை மாறிவிடுகிறது. குட்டி பால் குடிக்கிற வரை நாலு நாள் சுற்று நின்றுபோகும், அதனால்தான் பால் கொடுக்கிற எலி தூரம் போகாமல் வளைக்குப் பக்கத்துப் பயிரையே வெட்டுகிறது.

அதற்கு ஒரே விதிவிலக்கு குட்டி போட்ட ஒரு நாளைக்குள் வருகிற பருவம். அன்றைக்கு ஆணோடு சேர்ந்தால் மடியில் ஒரு ஈடு, வயிற்றில் ஒரு ஈடு. பெண் எலியை விட்டுவிட்டு ஆண் எலியை எவ்வளவு பிடித்தாலும் அறுவடைக்குள் வயல் மறுபடி நிறைந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீக்கடையில் போய்த்தான் பிடிக்க வேண்டும். நல்ல மழை என்றால் வர மாட்டார், நாண் நனைந்து தொய்ந்துவிடுகிறது என்கிறார். எங்களுக்கு மூன்றாவது ராத்திரி அப்படித் தவறி, ஒரு நாள் தள்ளித்தான் ஐந்து முடிந்தது. மழைக்கால வேலைக்கு மெழுகு தேய்த்த நாண் வைத்துக்கொள்ளலாம், சொன்னேன், பார்க்கிறேன் என்றிருக்கிறார். கடைசி நாள் கிட்டிகளை எண்ணி எடுத்தபோது இரண்டு விட்டுப்போய், அறுப்பு மிஷின் இறங்குவதற்கு முன்னால் நாங்கள் தேடி எடுத்தோம். எலிக்கு 25 ரூபாய் வாங்கினார், வளை வெட்டியதற்குத் தனிக் கூலி, காலையில் டீ. பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை, எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏற்றிச் சொல்லவில்லை. விழுந்த எலிகளை வரப்பில் வரிசையாகப் போட்டு எங்களையே எண்ணச் சொன்னார்.

கூப்பிட நினைக்கிறவர்கள் பொதி வரும்வரை காத்திருக்காதீர்கள். நட்டு நாற்பது, ஐம்பது நாளில் ஒரு ஐந்து ராத்திரி, பொதி சமயத்தில் இன்னொரு ஐந்து ராத்திரி. முதல் தடவையிலேயே பெண் எலிகள் போய்விட்டால் இரண்டாவது தடவை பாதிக் கிட்டி போதும் என்று அவரே சொல்கிறார். முடிந்தால் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பருவத்து எலிக்கு நம் வரப்பு, அடுத்தவர் வரப்பு என்ற கணக்கு இல்லை. நாங்கள் இந்தத் தடவை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாலு குடும்பமும் சேர்ந்து சொல்லியிருக்கிறோம். நேற்று டீக்கடையில் பார்த்தபோது புது மூங்கில் வெட்டிக் குளத்தில் ஊறப் போட்டிருப்பதாகச் சொன்னார், ஐப்பசிக்குள் அறுபது கிட்டி கூடுதலாகத் தயாராகிவிடுமாம்.